மணியும் கூலியும்: பேச உட்காருமுன் செய்ய வேண்டியவை

வேலைநேரம் மிகுதி என்றும், சம்பளம் காணாது என்றும், அரசாங்கம் நிர்ணயித்த ஆகக்குறைந்த வேதனமாவது ஒழுங்காகக் கிடைக்க வேண்டாமா என்றும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நடைபெறும் விவாதங்களுக்குக் குறைவே இல்லை. தேநீர்க் கடையிலும் வயல் வரம்பிலும், பஸ் தரிப்பிடத்திலும், வைகாசிச் சடங்குக்குக் கூடிய சனங்களுக்கிடையிலும் இவ்விஷயம் பேசப்படுகிறது. ஆயினும் அப்பேச்சுக்களிற் பெரும்பாலானவை எந்தப் பயனையும் தராது ஓய்ந்துபோவதற்குக் காரணம், தொழிலாளர் தொகையைப் பேச, முதலாளி தமது செலவைப் பேச, இருவருமே நேரத்தைப் பேசாமல் விட்டுவிடுவதுதான். இத்தனை ரூபா என்பது நியாயமா அநியாயமா என்பதை, இத்தனை மணிக்கு என்ற அளவின்றி எவராலும் தீர்மானிக்க முடியாது. ஆகவே இவ்வத்தியாயத்தில் நாம் முதலில் மணிக்கணக்கையும், அதன்பின் கூலிக்கணக்கையும், கடைசியாகவே வாதத்தையும் எடுத்துக்கொள்வோம்.

வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலே, நகரத்துக் கடைத்தெருவிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் துணிக்கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் நிற்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அச்சட்டத்தின்படி சாதாரண வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். உணவுக்கு விடும் நேரம் இதிற் சேராது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. அதற்கு மேல் வேலை வாங்கினால், அந்த மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வீதத்திற் கொடுக்க வேண்டும். அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டலாகாது. ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோருக்கு, 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தந்தத் தொழிலுக்கென அமைந்த சபைகளின் தீர்மானங்கள் பொருந்தும்; நெல் குற்றும் தொழிலுக்கும் ஆடை உற்பத்திக்கும் அவ்வாறான சபைகள் உண்டு. அவற்றின் மணிக்கணக்கு கடைச் சட்டத்தினின்றும் சற்று வேறுபடுமாதலால், ஆலைத் தொழிலாளர் தமக்குரிய தீர்மானத்தைத் தொழில் அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

இனி, ஒரு கொப்பி வாங்குங்கள். பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் நாற்பது பக்கக் கொப்பி போதும். தேதி, வேலைக்கு வந்த நேரம், சாப்பாட்டுக்குப் போன நேரம், திரும்பிய நேரம், கடை விட்டு இறங்கிய நேரம் என ஐந்து நிரல்கள் கீறி, அன்றன்றைக்கே எழுதி வாருங்கள். மாத முடிவில் நினைவைக் கொண்டு நிரப்பிய கொப்பி பிரமாணம் ஆகாது. மையின் நிறம் மாறிமாறி, சில நாட்களில் அவசரத்தாற் கோணலாக, சில நாட்களில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும் கொப்பியையே விசாரிப்பவர் நம்புவார். கடை பூட்டிய பின் துணி மடித்து அடுக்கிய அரைமணியும், காலையில் திறக்குமுன் கூட்டித் துடைத்த கால்மணியும் வேலைநேரமே, அவற்றை விட்டுவிடாதீர்கள். மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வருவோர், குருமண்வெளித் துறையிலே பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்து நின்ற நேரத்தையும் ஓர் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது. சட்டம் அதை வேலைநேரமாகக் கொள்ளாது. ஆயினும், இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டினால் வாவியைக் கடந்து வீடு சேர எத்தனை மணியாகும் என்பதை முதலாளி அறியாதிருக்கும்வரை, ஏழு மணிக்கு விடும்படி கேட்பதன் நியாயம் அவருக்கு விளங்காது.

கணக்கு எவ்வாறு வரும் என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுகிறேன். ஒரு துணிக்கடைப் பணியாளர் காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நீங்க, கிழமைக்கு ஆறு நாள் நிற்கிறார் என்று கொள்வோம். நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி. சட்டம் சொல்லும் 45 போக, 15 மணி மேலதிகம்; அதாவது சட்டம் அனுமதித்த 12 மணி என்ற எல்லையே கடந்துவிட்டது. அவருக்கு மாதம் 35,000 ரூபா கிடைக்கிறது. ‘அரசாங்கம் சொன்னது 30,000, நான் அதற்கு மேலே தருகிறேனே’ என்பது முதலாளியின் வாதம். கடைச் சட்டத்தின் கீழ் ஒரு மணிக்கான வீதத்தை மாதச் சம்பளத்தை 240 ஆற் பிரித்துக் காண்கிறோம். முப்பது நாள், நாளுக்கு எட்டு மணி என்பதே அந்த 240. இப்போது முதலாளியின் பக்கத்தையே எடுத்துக்கொண்டு, அடிப்படைச் சம்பளம் 30,000 தான், மிகுதி 5,000 மேலதிக நேரத்துக்காகத் தந்தது என்றே ஒப்புக்கொள்வோம். 30,000 ஐ 240 ஆற் பிரித்தால் மணிக்கு 125 ரூபா. ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். நான்கு வாரத்து மேலதிக நேரம் 60 மணி. அதற்கு 11,250 ரூபா. ஆகவே கொடுக்கப்பட வேண்டியது 41,250, கொடுக்கப்பட்டது 35,000. முதலாளியின் கணக்குப்படியே 6,250 ரூபா குறைகிறது. அடிப்படைச் சம்பளமே 35,000 என்று நியமனத்தின்போது பேசியிருந்தாற் குறைவு இன்னும் பெரிதாகும்: மேலதிக மணிக்கு 218 ரூபா 75 சதம், மாதத்துக்கு 13,125 ரூபா. மறுபக்கத்தார் சொல்வதை முதலில் ஏற்றுக்கொண்டு கணக்குப் பார்க்கும் இந்த முறையை நான் பெரிதும் சிபாரிசு செய்கிறேன். ஏனெனில் அவர் மறுப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்தக் கொப்பியோடு பேசப் போகும்போது, கடையில் வாடிக்கைக்காரர் நிறைந்த மாலை வேளையிலோ, தீபாவளிக்கும் பெருநாளுக்கும் முந்திய வாரத்திலோ போக வேண்டாம். பேச்சு இப்படித் தொடங்கக்கூடும்.

“என்ன மனே, சம்பளம் காணாதெண்டு வந்திருக்கியா?”

“இல்ல முதலாளி, கூட்டச் சொல்லி வரல்ல. ஒரு மாதத்து நேரத்தை எழுதி வெச்சிருக்கன். இந்தக் கொப்பிய ஒருக்காப் பாருங்க.”

“இதெல்லாம் ஆரு உனக்குச் சொல்லித் தந்த?”

“ஆரும் சொல்லித் தரல்ல. நான் நிண்ட நேரம்தானே முதலாளி.”

சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று கேட்பது தயவை நாடுவதாக அவருக்குத் தோன்றும். மறுப்பதற்கு அவரிடம் ஆயிரம் காரணம் உண்டு. செய்த வேலையின் நேரத்தைப் பாருங்கள் என்று கேட்பதோ, இருவரும் சேர்ந்து ஓர் உண்மையைச் சரிபார்ப்பதாகும். தவிரவும், அவரால் இந்தத் தொகையைக் கொடுக்க இயலாவிட்டால், நேரத்தைக் குறைக்க இயலும். இரவு ஏழு மணிக்குக் கடையை விட்டால், நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு ஆறு மணி குறைந்து, மேலதிகம் ஒன்பது மணியாகச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். பணமா நேரமா என்ற தெரிவை அவர் கையிற் கொடுக்கும் பேச்சே முடிவை அடையும் பேச்சு. நேரத்தைக் கேட்பது புதிதுமன்று: 1918இல் சென்னையிலே பின்னி ஆலைத் தொழிலாளர் ஒன்றுகூடி மதராஸ் தொழிற்சங்கத்தை நிறுவியபோது, அவர்களுடைய ஆரம்பக் கோரிக்கைகளுள் ஒன்று உச்சிவேளை உணவுக்கு விடப்பட்ட சொற்ப நேரத்தைச் சிறிது நீட்ட வேண்டும் என்பதே. எட்டு மணி வேலைநாளை உலகத்துக்கு ஒரு பிரமாணமாக வகுத்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

ஆகக்குறைந்த வேதனத்தைப் பற்றி இனிப் பேசலாம். தொழில்துறை எதுவாயினும் பொதுவான ஒரு தேசிய வேதனம் இலங்கையிற் சட்டமானது 2016இலேதான். அதன் முதல் அளவு மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா. 2021இல் அது 12,500 ஆயிற்று. அதன்பின் வந்தது நாடு முழுவதும் அனுபவித்த அந்தப் பொருளாதார வீழ்ச்சி: 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் 70 சதவீதம் அளவுக்கு உயர்ந்திருந்தது. பாணும் மாவும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டாத விலைக்குப் போன அந்தக் காலம் முழுவதிலும், சட்டம் சொன்ன தொகை அசையாமல் 12,500 ஆகவே கிடந்தது. 2024இலேதான் அது 17,500 ஆயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து 27,000. 2026 ஜனவரி முதலாந் தேதியிலிருந்து 30,000, நாட்கூலியாயின் 1,200 ரூபா. அரசாங்கம் இத்தனை உயர்த்தியிருக்கிறதே என்று எவரேனும் வாதிடும்போது, விலைகள் ஏறிய தேதியையும் வேதனம் ஏறிய தேதியையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். இடையிற் கழிந்த இரண்டு ஆண்டுகளையும் தொழிலாளர் குடும்பங்கள் அடைவு வைத்தும், நுண்கடன் எடுத்தும், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டும் கடந்தன. அந்தக் கடன்களின் தவணை இன்றைய சம்பளத்திலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறது.

தொகை மட்டும் ஏறினாற் போதாது என்பதற்கு மலைநாட்டுத் தோட்டங்களே பிரத்தியட்ச சாட்சி. நாட்கூலி 1,000 ரூபா வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021இற் சம்பளச் சபையின் வழியாக அதனைப் பெற்றனர். 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ஆயிற்று. ஆனால் 1,000 ரூபா வந்த கையோடு பல தோட்டங்களிற் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோ அளவு உயர்த்தப்பட்டது. அளவு எட்டாதவருக்கு அரைநாட் பெயர், அதாவது அரைநாட் கூலி, விழுந்தது. வேலை கொடுக்கும் நாட்களும் சில இடங்களிற் குறைந்தன. கூலியைப் பேசி முடிக்கும்போதே, அந்தக் கூலிக்குரிய நேரத்தையும் வேலையின் அளவையும் எழுத்திற் கொண்டுவராவிட்டால், முன்வாசலால் வந்தது பின்வாசலாற் போய்விடும்.

நியாயமான சம்பளம் எது? சட்டம் சொல்லும் ஆகக்குறைந்த தொகை வேறு, நியாயமான தொகை வேறு என்பதை விவாதிப்போர் மறந்துவிடுகின்றனர். இந்தியாவில் 1948இல் நியமிக்கப்பட்ட நியாய வேதனக் குழு இதை மூன்று படிகளாக வகுத்தது: உயிரையும் உழைப்புத் திறனையும் காப்பாற்றும் ஆகக்குறைந்த வேதனம் அடிப்படி, பிள்ளைகளின் கல்வி, நோய், முதுமை ஆகியவற்றுக்கும் இடங்கொடுக்கும் வாழ்க்கை வேதனம் மேற்படி, தொழிலின் கொடுக்கும் சக்தியைப் பொறுத்து இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது நியாய வேதனம். முதலாளியின் சக்தியைக் காரணங்காட்டிப் பேச இடமுண்டு என்பதும், ஆனால் அந்தப் பேச்சு அடிப்படிக்கு மேலேதான் தொடங்கலாம் என்பதும் இப்பாகுபாட்டால் தெளிவாகின்றன. 1957இற் கூடிய இந்தியத் தொழில் மாநாடு, அடிப்படியை அளப்பதற்கு ஒரு முறையும் சொல்லிற்று: ஓர் உழைப்பாளியின் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 யார் துணி, வீட்டு வாடகை தனியாக, விறகு, விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். நம் வீட்டு அரிசி, தேங்காய், மீன், பருப்பு, பிள்ளைகளின் பஸ் காசு ஆகியவற்றின் இன்றைய விலைகளை அவ்வாறே ஒரு பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

அவ்வளவு சிரமப்பட நேரமில்லாதவருக்கு வேறொரு வழியும் உண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் மாவட்ட வாரியாக வறுமைக்கோட்டை வெளியிடுகிறது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான கோடு ஆளொருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் இருந்தது. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு 64,000. கணவனும் மனைவியும் இருவருமே 30,000 வீதம் உழைத்தாலும், ஊழியர் சேமலாப நிதிக்குரிய 8 சதவீதம் போகக் கையிற் கிடைப்பது 55,200. இருவர் முழுநேரமும் உழைத்தும் வறுமைக்கோட்டைத் தொடாத குடும்பத்தைப் பார்த்து, ஆகக்குறைந்த வேதனம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று எவரும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எதிர்வாதங்களையும் மதிப்போடு கேட்க வேண்டும். வேதனத்தை உயர்த்தினால் ஆட்களை நிறுத்த வேண்டி வரும் என்பது ஒன்று. இது வெறும் மிரட்டல் அன்று. ஒரே ஒரு பணியாளை வைத்துக்கொண்டு, மின்சாரக் கட்டணத்துக்கும் கடை வாடகைக்கும் திண்டாடும் சிறு கடைக்காரர் நம் ஊர்களில் அநேகர். அவரிடம் தொகையை விட நேரத்தைப் பேசுவதே பொருத்தம் என்று மேலே கூறினேன்; உச்சி வெயிலிற் சனமில்லாத இரண்டு மணி நேரம் ஆளை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கும் நட்டமன்று. நாடு முன்னேற இளைஞர் அதிக நேரம் உழைக்க வேண்டும் என்பது மற்றொரு வாதம். இன்போசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி 2023இல் வாரத்துக்கு 70 மணி என்று சொன்னது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை, தொழிற்சாலைகளில் 12 மணி வேலைநாளுக்கு வழிவிடும் திருத்தமொன்றை நிறைவேற்றி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்றே அதை மீளப் பெறுவதாக அறிவித்தது. தனது நிறுவனத்துக்காகத் தானே விரும்பி எழுபது மணி உழைப்பவரின் அனுபவத்தை, பிறர் கடையிற் கால் வீங்க நிற்பவருக்குப் பிரமாணமாக்கலாகாது. ஒருவர் தன் உழைப்பின் பயனைத் தானே அடைகிறார். மற்றவருக்கு அறுபதாவது மணிக்கும் எழுபதாவது மணிக்கும் கிடைப்பது அதே மாதச் சம்பளம்.

படுவான்கரையிலோ நிலைமை வேறு. கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகளில் வெள்ளாமை செய்யும் போடியாருக்கும் கூலியாளுக்கும் இடையில் இடாப்பு இல்லை, சம்பளச் சிட்டை இல்லை. பெரும்போக அறுவடைக் காலத்து நாட்கூலி சட்டம் சொல்லும் 1,200 ஐத் தாண்டக்கூடும். ஆனால் வெட்டு மெசின் வந்தபின் அந்த நாட்கள் சுருங்கிவிட்டன. ஆகவே வயலிற் பேச வேண்டிய முதற் கேள்வி, நாளுக்கு எத்தனை ரூபா என்பதன்று; இந்தப் போகத்தில் எத்தனை நாள் வேலை என்பதே. ஏக்கருக்கு இவ்வளவு என்று கொந்தராத்துப் பேசுவோர், எத்தனை பேர் எத்தனை நாள் நின்றார்கள் என்று எழுதிப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய தொகையாகத் தோன்றியது ஆளுக்கும் நாளுக்கும் பிரிந்தபின் சட்டத் தொகைக்குக் கீழே இறங்குவதுண்டு. முற்பணம் வாங்கியிருந்தால், அதனை எந்த வீதத்திற் கழிப்பது என்பதை வேலை தொடங்குமுன் இருவர் முன்னிலையிற் பேசி முடியுங்கள்.

பெண்களின் கூலியைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஒரே வட்டையில், ஒரே வெயிலில், ஒரே வரம்பிலிருந்து இறங்கிக் களை பிடுங்கும் ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலியும் கொடுப்பது இன்னும் வழக்கமாயிருக்கிறது. தேசிய வேதனச் சட்டம் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. சமவேலைக்குச் சமசம்பளம் என்ற சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 1993இலேயே ஏற்றுக்கொண்டது. ஆண்கள் பாரமான வேலை செய்கிறார்கள் என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம். மூட்டை தூக்குவதற்கு மேலதிகமாகக் கொடுங்கள், அதை எவரும் ஆட்சேபிக்கவில்லை. களை பிடுங்குவதற்கு இருவருக்கும் ஒன்றாகக் கொடுங்கள் என்பதே அதற்குரிய விடை. ஒரு பெண் தனித்துக் கேட்டால் அடுத்த நாள் அவளைக் கூப்பிடமாட்டார்கள். ஆகவே வேலைக்கு இறங்குமுன், அந்தக் குழுவின் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வாயாய் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும். உடன் வேலை செய்யும் ஆண்கள் அவ்விடத்தில் மௌனமாக நிற்பது, தங்கள் வீட்டு வருமானத்தைத் தாங்களே குறைத்துக்கொள்வதாகும்.

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளிற் கூலி இல்லை, பங்குதான். அங்கே விவாதம் செலவுப் பட்டியலைப் பற்றியதாயிருக்க வேண்டும். எண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று முதலிற் கழிக்கப்படுவனவற்றின் சிட்டைகளைப் பங்காளிகள் பார்க்கும் உரிமையைப் பேசிப் பெறாமற் படகேற வேண்டாம்.

பேச்சு முறிந்தால், சட்டத்தின் வாசல் திறந்திருக்கிறது. ஒரே இடத்தில் வேலை செய்யும் ஏழு பேர் சேர்ந்தால் 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தொழிற்சங்கம் பதியலாம். தனித்துப் போவோர் மட்டக்களப்பிலுள்ள தொழில் அலுவலகத்தில், தமிழிலேயே, முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கலாம். வேலையிடத்தின் பெயரும் விலாசமும், சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், வாங்கிய சம்பளம், வேலைநேரம், குறைவாகக் கிடைத்த தொகை ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, கொப்பியின் பிரதியைச் சேருங்கள். மூலக் கொப்பியை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சேமலாப நிதி கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே வேளை விசாரியுங்கள். முதலாளி தம் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தமது கையிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பதினைந்தையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்திருந்தால் அது தனியான குற்றம், முறைப்பாட்டில் தனிப் பந்தியாக எழுதப்பட வேண்டியது. கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி மனமிரங்கித் திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருப்பவர்கள் அந்த ஆறு மாதத்தைத் தவறவிடுகிறார்கள். காத்திருக்க விரும்பினாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டே காத்திருங்கள்.